ராஜகுளத்துச் சத்தம்

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியாது. இன்று காலையில்தான் என் கண்ணெதிரே ஐந்து இட்லி தின்றுவிட்டு, உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினாய். நாளைச் சாயங்காலம் வந்துவிடுவாய். அதற்குள் எழுதி முடித்து உன் துணிப்பையில் வைத்துவிட வேண்டும். ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு எவளாவது கடிதம் எழுதுவாளா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். பாதிக் கடிதம் தாண்டியதும் சிரிக்கமாட்டாய் என்ற பயத்தில்தான் நேரில் சொல்லாமல் எழுதுகிறேன்.

நேரில் சொல்ல முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தேன். “தாலி விஷயமா? அத்த நைனா பாத்துக்கினாரும்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். செவ்வாய்க்கிழமை விடவில்லை. வாசற்படியில் உன்னை மறித்து நின்று, “ரெண்டு வருஷமா மனசுக்குள்ள வெச்சிக்கினு கீறேன்டா” என்றேன். உன் முகம் வெளுத்துவிட்டது. “இன்னாம்மா, எங்க வலிக்குது? டாக்டராண்ட போனியா?” என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியில் உட்காரவைத்து உத்திரமேரூருக்குக் கொண்டுபோய் பிரஷர் பார்க்க வைத்தாய். பிரஷர் ஏறித்தான் இருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? அந்த டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பில்லாத குழம்பைத் தின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் உன் பெட்டியைப் பற்றியது. அந்த சிந்தசைசர், கரண்டில் விதவிதமாகச் சத்தம் உண்டாக்கும் கீபோர்டு. இருபத்தெட்டு வருடமாகக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் கட்டும் சவுண்ட் சர்வீஸ்காரர் வீட்டில் நீ பிறந்ததால் உனக்குச் சத்தத்தின் மேல் பைத்தியம் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம் பிரபு. நீ கீபோர்டு, செல்வம் டிரம்ஸ், பிரபு கிடார் என்று மூன்று பேரும் நம் கொட்டகையில் உட்கார்ந்து பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகளாக வாசித்துக்கொண்டிருந்தீர்கள். உன் அப்பா டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் வந்த பாட்டுகள். அதில் ஒரு பாட்டு உங்கள் மூன்று பேருக்கும் உயிர். அதன் பெயர் இன்றும் என் வாயில் நுழையாது. நடுவில் கிடார் மட்டும் தனியாக அலறும் இடம் ஒன்று வரும், அதுதான் எனக்குத் தெரியும். பிரபு கத்தாருக்கு வேலைக்குப் போனான். கிடாரும் அவனோடு போனது. “கிடார் இல்லாம அந்தப் பாட்டு இல்ல மச்சான், வுட்ரு” என்று செல்வம் சொன்னான். “நானே பண்றேன்” என்று நீ சொன்னாய். சரி, பிள்ளை கிடார் கற்றுக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். நீ என்னடாவென்றால் ஒரு வாரம் கழித்து, சென்னையில் யாரோ ஒருவரிடமிருந்து பழைய பெட்டி ஒன்றைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து இறக்கினாய்.

அதைப் பார்த்ததும் உன் அப்பா, “இதுல எத்தினி பாட்டு கீது?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல நைனா” என்றாய். “எத்தினி சத்தம் கீது?” “அதுவும் இல்ல. நாமதான் பண்ணணும்.” அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலிப் பெட்டியை வாங்கி வந்த பிள்ளையைப் பார்க்கும் பார்வை அது. அப்புறம் நீ எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினாய். இது கம்ப்யூட்டர் இல்லை, உள்ளே நினைவு என்று ஒன்று கிடையாது, மேலே இருக்கும் முப்பது முப்பத்தைந்து குமிழ்களும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றனவோ அதுதான் அப்போதைய சத்தம், ஒரு குமிழ் நகர்ந்தாலும் பழைய சத்தம் போனதுதான், திரும்பி வராது என்றாய். கடைசியில், “அதனால யாரும் தொடாதீங்க” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். நான் தலையாட்டினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் பின்னால் சொல்ல முடியாது.

முதல் மாதம் அந்தப் பெட்டியிலிருந்து கிடார் வரவில்லை. கொசு வந்தது. மிக்ஸி வந்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு நீளமாக ஒரு சத்தம் விட்டாய், தெருவில் நாலு பெண்கள் சட்டியும் தட்டுமாக வெளியே வந்து நின்றார்கள். மீன்காரர் வண்டியின் ஹாரன் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். சரோஜா அக்கா வாசலில் நின்று, “இன்னாடி, மீனு எங்க?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அன்றைக்கு நம் வீட்டுக் கருவாட்டில் பாதியைக் கொடுத்துத்தான் அனுப்பினேன். நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் ஒரு குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்து, “டீச்சர், உங்க வூட்டுல யாரோ அழுவறாங்க, போய்ப் பாருங்க” என்றது. எத்தனையோ பிள்ளைகள் அழுவதைக் கேட்ட நான், வீட்டுக்கு வந்து கேட்டுப்பார்த்தேன். அது சொன்னது சரிதான்.

பிறகு அந்த ஆம்ப்ளி சண்டை. உன் அப்பாவின் பழைய ஆம்ப்ளியிலும் குழாய் ஸ்பீக்கரிலும் பெட்டியை மாட்டி, வால்யூமைக் கடைசிவரை திருகினால் அந்தக் கிடாரின் கரகரப்பு வரும் என்று நீ கண்டுபிடித்த நாள். தொண்டை கிழிந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. உன் அப்பா மதியச் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார். “சவுண்டு கிழியுது, கொறைடா!” “கிழியணும் நைனா.” “இன்னா?” “கிழிஞ்சாதான் கிடாரு.” அவர் கையில் சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது. “இருவத்தெட்டு வருஷமா சவுண்டு கிழியாம ஓட்டிக்கினு கீறேன். எத்தினி கல்யாணத்துல மைக்குல கத்துறவங்கிட்ட மல்லுக்கட்டி கீறேன். நீ கிழிக்கிறதுக்குன்னே ஒரு பொட்டி வாங்கிக்கினு வந்துகீறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் அவரே பரணிலிருந்து அதைவிடப் பழைய ஆம்ப்ளி ஒன்றை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். “இது இன்னும் மோசமாக் கிழியும்” என்று உன்னைப் பார்க்காமல் சொன்னார். உன் அப்பாவிடம் மன்னிப்பு என்ற வார்த்தை கிடையாது. அவர் பொருளாகத்தான் கொடுப்பார். நீ கட்டிக்கொள்ளப்போகும் அனிதாவிடம் நீயும் அப்படி இருந்துவிடாதே. ஒவ்வொரு சண்டைக்கும் பரணில் ஆம்ப்ளி இருக்காது.

இனிமேல்தான் என் கதை. அந்த வருடம் பொங்கலுக்கு, ராஜகுளத்தில் நெடுஞ்சாலை ஓரம் புதிதாகத் திறந்த தாபாவில் நீயும் செல்வமும் வாசிக்க ஒத்துக்கொண்டீர்கள். காணும் பொங்கலன்று நிகழ்ச்சி. அதற்குள் நீ சத்தத்தை ஒருவழியாகப் பிடித்துவிட்டாய். குமிழ்கள் நிற்கும் இடங்களை ஒரு தாளில் வட்டம் வட்டமாக வரைந்து, கடிகார முள் போலக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டி வைத்தாய். “தொண்ணூறு பர்சென்ட் வந்துருச்சும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். மீதிப் பத்து வராததில் உனக்குச் சோறு இறங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போகியன்று நீயும் செல்வமும் வயர் வாங்க உத்திரமேரூருக்குப் போயிருந்தீர்கள். உன் அப்பா கோயிலில் ஸ்பீக்கர் கட்டப் போயிருந்தார். நான் வீட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டே வந்து உன் அறையில் நுழைந்தேன். பெட்டியின் மேல் ஒரு விரல் தூசி. போகியன்று ஒரு வீட்டில் இந்த அளவு தூசி இருந்தால் பார்க்கிறவர்கள் யாரைச் சொல்வார்கள்? ஈரத்துணியை எடுத்தேன். துடைக்கும்போதே குமிழ்கள் நகர்ந்தன. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று அவை தாறுமாறாக நிற்பதைப் பார்த்ததும், வருடக்கணக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய கை சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் நேராக நிறுத்தினேன். முப்பத்தைந்தும் ஒரே திசையில். எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா? கடைசியில் இரண்டாவது வரிசை ஓரத்தில் அழுக்குப் பிடித்த கறுப்பு டேப் ஒன்று பிசுபிசுவென்று இருந்தது. பிய்த்தேன். அடியில் ஒரு சின்ன சுவிட்ச். துடைக்கும்போது மேலும் கீழுமாக நாலைந்து முறை நகர்ந்தது. மற்ற சுவிட்சுகள் மேலே பார்த்ததால் இதையும் மேலே தள்ளிவைத்தேன். அப்புறம் தலையை நிமிர்த்தினேன். சுவரில் உன் தாள்.

அழுதேனா என்றால் இல்லை, அழ நேரமில்லை. தாளைப் பார்த்து ஒவ்வொரு குமிழாகத் திருப்பினேன். கடிகாரம் பார்க்கத் தெரிந்தவளுக்கு அது பெரிய கஷ்டமில்லை. எல்லாம் முடிந்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நீ செய்வது போலவே சிவப்புப் பொத்தானை அழுத்தி, ஹெட்போனைக் கொண்டைமேல் மாட்டிக்கொண்டு, ஒரு கட்டையை அழுத்தினேன். உன் சத்தம் இல்லை அது. உன் சத்தத்துக்குப் பல் முளைத்த மாதிரி இருந்தது. யாரோ புதுத்துணியை என் காதுக்குள்ளே வைத்து, சர்ர்ரென்று, ராகத்தோடு கிழிப்பது போல. தாளோடு மறுபடி ஒப்பிட்டேன். எல்லாக் குமிழும் சரி. அப்படியானால் அந்தச் சின்ன சுவிட்ச்தான். டேப்புக்கு அடியில் இருந்ததால் அது உன் தாளில் இல்லை. முதலில் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துக் கையை வைக்கிறேன், வாசலில் உன் வண்டி. அவசரமாக உன் அப்பாவின் பையிலிருந்து டேப்பை எடுத்து மேலே ஒட்டிவிட்டு, துடைப்பத்தோடு தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

நீ வாசித்தாய். பாதியில் நிறுத்தினாய். “அம்மா! யாருன்னா பொட்டியத் தொட்டீங்களா?” என்று கத்தினாய். நான் தோட்டத்திலிருந்தே, “இல்லியே!” என்றேன். பொய் சொல்லக் கூடாது என்று தினமும் இருபது குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாய். செல்வம்தான் என்னைக் காப்பாற்றினான். “பனியில சர்க்யூட்டு குளுந்துகீதுடா, அதான் மாறிக்கீது” என்றான். நீ மறுபடி வாசித்தாய். இந்த முறை நிறுத்தவில்லை. அந்தக் கிடார் அலறும் இடத்துக்கு வந்ததும் உள்ளே இரண்டு பேரும் கூச்சல் போட்டீர்கள். “மச்சான், நூறு பர்சென்டுடா!” என்று நீ கத்தியது எனக்குத் தோட்டத்தில் கேட்டது. மாட்டாமல் தப்பித்தோம் என்ற நிம்மதியில் நான் துடைப்பத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராஜகுளத்தில் நடந்தது உனக்கே தெரியும். ஆனால் நீ மேடையிலிருந்து பார்த்தாய், நான் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நீ அந்த இடத்தை வாசித்தபோது கல்லில் போட்ட பரோட்டாவை மாஸ்டர் திருப்ப மறந்தார். லாரி டிரைவர் ஒருவர் எச்சில் கையோடு எழுந்து நின்று, “இன்னொரு வாட்டி போடு தம்பி!” என்றார். உன் அப்பா, வாழ்நாளில் முதல் முறையாக, கிழிகிற சவுண்டை ஆம்ப்ளிக்குப் பக்கத்தில் நின்று அனுபவித்துக்கொண்டிருந்தார். பெங்களூருக்குப் போகிற வழியில் சாப்பிட வந்த யாரோ ஒருவர் எல்லாவற்றையும் போனில் படம்பிடித்து இணையத்தில் போட்டார். எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. என் பிள்ளை தனதென்று நினைத்துக்கொண்டிருப்பதில் என் கை இருக்கிறது என்ற குறுகுறுப்பு.

அந்தக் குறுகுறுப்பில்தான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முதல் தப்பைவிடப் பெரியது. மறுநாள் விடிந்து எட்டு மணிவரை நீயும் அப்பாவும் தூங்கினீர்கள். தொட்டதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டால் பாவம் தீர்ந்துவிடும் என்று நினைத்து, டேப்பைத் தூக்கி, சுவிட்சைக் கீழே தள்ளி, மறுபடி டேப்பை ஒட்டி, கையைக் கழுவினேன். என் மனசாட்சி சுத்தமாகிவிட்டது. உன் சத்தம் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நீ தேடாத இடமில்லை. சத்தத்துக்கு ‘ராஜகுளம்’ என்று பெயரே வைத்துவிட்டாய். அன்று தாபாவில் வோல்டேஜ் குறைவாக இருந்ததுதான் காரணம் என்று சொல்லி மீட்டரோடு எத்தனை முறை அங்கே போனாய்? தாபாக்காரர் உன்னைக் கரண்ட் ஆபீஸ் ஆள் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் ஆம்லெட் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னாய். பனிதான் காரணம் என்று மார்கழியில் பெட்டியை முற்றத்தில் வைத்துக் காத்திருந்தாய், சளி பிடித்தது உனக்கு. அந்த சுவிட்ச் பக்கம் மட்டும் நீ போகவில்லை. விற்றவர் அது செத்துப்போன சுவிட்ச் என்று சொல்லிவிட்டார், நீயும் நம்பி டேப் ஒட்டிவிட்டாய். நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்து, “இங்க பாரும்மா, இந்த எடத்துல ஒரு கிழிசல் வருது பாரு, எப்படி வந்திச்சின்னே தெரில” என்பாய். “ஆமாண்டா” என்பேன். முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் நீ அரை நாள் கத்தியிருப்பாய், முடிந்திருக்கும். ஒரு மாதம் போனதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயம் சேர்ந்துகொண்டது. ஒரு வருடம் போனதும் அந்தப் பயம் சுவிட்சைவிடப் பெரிதாகிவிட்டது. உனக்கு நான் சொல்லும் கல்யாணப் புத்தி இது ஒன்றுதான். அனிதாவின் சாமான் எதையாவது கெடுத்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. மறுநாள் அதே பேச்சு இரண்டு மடங்கு கனக்கும்.

இப்போதும் சொல்லாமல் இருந்திருப்பேனோ என்னவோ. போன வாரம் நீ கொட்டகையில் நின்று அனிதாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். துணி எடுக்க வந்தேன், காதில் விழுந்துவிட்டது. “புனே கம்பெனியில என்ன வேலைக்கு எடுத்ததே அந்த ராஜகுளம் வீடியோவப் பாத்துதான். முத நாளே அத்தப் பண்ணிக் காட்டுன்னு சொன்னாங்கன்னா இன்னா பண்றது? அது நான் பண்ணதே இல்ல அனிதா, தானா வந்திச்சி. நான் ஒரு டூப்பு” என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீ டூப்பு இல்லை. முப்பத்தைந்து குமிழையும் எட்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தியது நீ. நான் தள்ளியது ஒரு சுவிட்ச். அந்த சுவிட்ச் சாகவில்லை, துருப்பிடித்துக் கிடந்தது. ஈரத்துணியும் என் நகமும் அதைத் தட்டி எழுப்பிவிட்டன, அவ்வளவுதான். நேற்று மத்தியானம் டேப்பைப் பிய்த்து, நாலைந்து முறை ஆட்டி, மேலே தள்ளிப் பார்த்தேன். ராஜகுளம் வந்துவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன். புனேயில் உனக்குத் தரப்போகும் பெட்டியிலும் இந்த மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும் இல்லையா? தேடிப்பார்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு என்று உனக்கு எழுதிவிட்டு நானே ஒன்றை மறைக்க முடியாது. நேற்று சரிபார்த்ததும் நான் எழுந்து வரவில்லை. அந்த அலறும் இடத்தை இத்தனை வருடமாகச் சோறு வடிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கேட்டிருக்கிறேன். விரலை வைத்தால் வருமா என்று பார்த்தேன். முதலில் மூன்று கட்டை வந்தது. அப்புறம் ஏழு. பிறகு முழுசும் வந்தது. கொஞ்சம் நொண்டியது, ஆனால் வந்தது. எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியாது, அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துபோயிருந்தது. தீய்ந்த வாசனைக்கு வந்த உன் அப்பா கதவருகில் நின்றிருக்கிறார். ஹெட்போன் போட்டிருந்ததால் அவருக்குச் சத்தம் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டும் பொண்டாட்டியை மட்டும் பார்த்திருக்கிறார். ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கி, “ஏய், இன்னா ஆச்சி உனக்கு? தண்ணி குடிக்கிறியா?” என்றார். வேறு வழியில்லாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போகி, சுவிட்ச், பொய், இரண்டு வருடம், எல்லாம். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். அவரோ ஹெட்போன் வயரைப் பிடுங்கி எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் வயரைச் சொருகினார். “எனக்கும் கேக்கட்டும், வாசி” என்றார்.

அதனால் கேட்கிறேன். புனேக்கு நீ துணிமணி கொண்டுபோ, அனிதாவைக் கொண்டுபோ, ஊறுகாய் நாலு பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுபோ. பெட்டியை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போ. எனக்கு வேண்டும்.

அம்மா